வேலை போன கத்தி

அரை பிளேடால் பென்சில் சீவிய எல்லோரும் இந்தக் கைவேலையின் முதல் பாடத்தை முடித்தவர்கள்தான். இடது கை பென்சிலை மெல்லத் திருப்பும். பிளேடு நுனியை நோக்கி நகரும். சுருள் சுருளாகச் சீவல் உதிரும். ஊசிபோலக் கூர் வந்துவிட்டது என்று நிமிரும்போது முனை முறியும், மறுபடி முதலிலிருந்து. அந்தச் சில நிமிடம் வாத்தியார் என்ன சொன்னார் என்பது யார் காதிலும் விழுந்ததில்லை. பெரியவர்களான பிறகு ஒரு கத்தியையும் கைக்கடக்கமான ஒரு மரத்துண்டையும் வைத்துக்கொண்டு அதே அமைதியைத் தேடிப் போகிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். ஆங்கிலத்தில் இதற்கு விட்லிங் என்று பெயர். தென்காசிப் பக்கம் கம்பு சீவுறது என்று சொன்னால் போதும்.

ஆனி பிறந்து ஆரியங்காவு கணவாய் வழியாகச் சாரல் காற்று இறங்கத் தொடங்கினால் வெளிவேலை ஓடாது. அந்த நாள்களில் நானும் வாசலில் உட்கார்ந்து சீவுகிறேன். என் கையில் இருக்கும் கத்தி சுவீடனின் மோரா என்ற ஊரில் செய்தது. இணையக் கடையில் பார்த்தால் உக்ரைனில் செய்த செதுக்குக் கத்திகளும் கிடைக்கின்றன. ‘இது வெள்ளைக்காரன் பொழுதுபோக்கு’ என்று பார்த்தவர்கள் சொல்வதுண்டு. அப்படிக் கேட்கும்போதெல்லாம் எனக்கு 1795ஆம் ஆண்டின் ஒரு பேனாக்கத்தி ஞாபகத்துக்கு வரும்.

அந்த ஆண்டு லண்டன் ராயல் சொசைட்டியில் ஜார்ஜ் பியர்சன் என்ற மருத்துவர் ஓர் ஆய்வுரை படித்தார். பொருள், இந்தியாவிலிருந்து வந்த ஒரு வகை எஃகு. பம்பாயில் இருந்த ஹெலனஸ் ஸ்காட் என்ற மருத்துவர் அதன் கட்டிகளைச் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பேங்க்ஸுக்கு அனுப்பியிருந்தார். கன்னடத்தில் உக்கு, தமிழில் உருக்கு. ஆங்கிலேயர் வாயில் அது ‘ஊட்ஸ்’ ஆகியிருந்தது. கொடுமணல் போன்ற ஊர்களில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உலைபோட்ட மண்ணின் சரக்கு. ஐரோப்பியக் கொல்லர்கள் வழக்கம்போல வெள்ளையாகக் காய்ச்சி அடித்தால் அது உதிர்ந்துபோகும். லண்டன் கத்திக்காரர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் சூட்டைக் குறைத்தார். இருட்டில் பார்த்தால் மட்டுமே செம்மை தெரிகிற அளவுக்குக் காய்ச்சி, பொறுமையாக அடித்து, ஒரு கத்தி செய்தார். வாள் செய்யவில்லை, உடைவாளும் செய்யவில்லை, பேனாக்கத்தி செய்தார். மயக்கம் அதோடு தீரவில்லை. கால் நூற்றாண்டு கழித்து, மைக்கேல் ஃபாரடேயைத் துணைக்கு வைத்துக்கொண்டு அந்த எஃகைப் போலச் செய்ய முயன்றார். அசல் கைக்கு வரவில்லை. ஆனால் இரும்போடு வேறு உலோகங்களைக் கலந்து பார்த்த அந்தச் சோதனைகள்தான் கலப்பு எஃகு பற்றிய முறையான ஆராய்ச்சிக்கு வழி திறந்தன.

உலகத்திலேயே அருமையான எஃகு கையில் கிடைத்தால் பேனாக்கத்தியா செய்வார்கள் என்று இன்று தோன்றும். அன்று அதுதான் சரியான சோதனை. வாத்தின் இறகில் எழுதிய காலம் அது. இறகு முனை சில பக்கங்களிலேயே மழுங்கிவிடும். சீவ வேண்டும், நடுவில் பிளக்க வேண்டும், மறுபடி சீவ வேண்டும். எழுத்தர் என்றால் சட்டைப் பையில் கூரான கத்தி இருந்தாக வேண்டும். பெயரிலேயே பேனா ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் இதுதான்.

நம்மூர் எழுத்தரும் கத்தி இல்லாமல் இல்லை. எழுத்தாணிகளில் மடக்கெழுத்தாணி என்று ஒரு வகை உண்டு. ஒரு பக்கம் ஆணி, மறுபக்கம் சின்னக் கத்தி. இரண்டும் பிடிக்குள் மடங்கிக்கொள்ளும். கத்தியால் ஓலையை வாரி நறுக்கி, ஆணியால் எழுதி, மடக்கி இடுப்பில் செருகிக்கொள்ளலாம். 1801இல் திருநெல்வேலிச் சீமை கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது. அதன்பின் கச்சேரிகளில் ஓலைக்கணக்கு எழுதுகிறவரின் மடக்கெழுத்தாணியும் இறகு சீவுகிற குமாஸ்தாவின் பேனாக்கத்தியும் கொஞ்ச காலம் பக்கத்துப் பக்கத்தில் வேலை பார்த்தன. அதே காலத்தில் கம்பெனி அதிகாரிகள் வெயிலுக்குத் தப்பிக் குற்றாலத்துக்கு வந்து தங்கினார்கள். ஜாதிக்காயும் கிராம்பும் நட்டுப் பார்த்தார்கள். அவர்கள் பையிலும் ஒரு மடக்குக் கத்தி இருந்திருக்கும்.

அது பெரும்பாலும் ஷெஃபீல்டு கத்தி. இங்கிலாந்தின் அந்த ஊர் 14ஆம் நூற்றாண்டிலேயே கத்திக்குப் பேர்போனது. கவிஞர் சாஸர் தம் கதையில் வரும் மாவு அரைப்பவன் ஒருவனுக்கு ஷெஃபீல்டு கத்தி ஒன்றைக் கொடுத்திருக்கிறார். அந்தக் கத்திக்கு அவர் காலத்துப் பெயர் ‘த்விட்டல்’. அதுவே மருவி ‘விட்டில்’ ஆனது. முதலில் கத்திக்குப் பெயர், பிறகு அந்தக் கத்தியால் செய்கிற காரியத்துக்கும் அதே பெயர். அரிவாளால் செய்கிற வேலைக்கு ‘அரிவாளுதல்’ என்று நாம் சொன்னால் எப்படியோ, அப்படி!

ஷெஃபீல்டு கத்தியில் நம் காடும் இருந்தது. கைப்பிடிக்கு அவர்களுக்கு மிகவும் பிடித்த பொருள்களில் ஒன்று கடமான் கொம்பு. நெல்லைக் குமரிப் பக்கம் இதை மிளா என்போம். மிளா ஆண்டுதோறும் கொம்பை உதிர்த்துவிட்டுப் புதிது வளர்க்கும். இந்தியக் காடுகளில் அப்படி உதிர்ந்து கிடந்ததைப் பொறுக்கி, மூட்டை கட்டி, கப்பலில் ஏற்றினார்கள். சொரசொரப்பு, வழுக்காது, மழையில் நனைந்தாலும் கெடாது. மேற்கு மலைகளில் மேய்ந்த மிருகத்தின் கொம்பு ஷெஃபீல்டு போய், கத்திப் பிடியாகி, ஏதோ ஒரு துரையின் சட்டைப் பையில் மறுபடி இந்தியாவுக்கு வந்திறங்கியிருக்க வாய்ப்பு உண்டு. 1990களின் இறுதியில் இந்திய அரசு தடுத்த பிறகுதான் இந்த வியாபாரம் நின்றது.

பேனாக்கத்தியின் கதையில் திருப்பம் வந்தது வேறொரு ஊரிலிருந்து. 1820களில் பர்மிங்ஹாம் பட்டறைகள் எஃகு நிப்பை ஆயிரக்கணக்கில் அடித்துத் தள்ளத் தொடங்கின. விலை சரியச் சரிய இறகு ஓய்ந்தது. சீவுவதற்கு இறகு இல்லை. பேனாக்கத்திக்கு வேலை போயிற்று. ஆனால் கத்தி பையைவிட்டுப் போகவில்லை. பழக்கம் விடுமா? கை சும்மா இருக்கும்போது கத்தியைத் திறந்தது. பக்கத்தில் கிடந்த குச்சியை எடுத்தது.

இதை என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் இந்தப் பொழுதுபோக்கின் வரலாற்றைப் படிக்கப் படிக்க எனக்கு அப்படித்தான் படுகிறது. வேலைக்கென்று வைத்திருந்த கத்தி வேலையில்லாத நேரத்தில் செய்த காரியம் இது. எழுத்தர், மாலுமி, சிப்பாய், மாடு மேய்ப்பவர்: எங்கே ஒருவரிடம் கத்தியும் காத்திருப்பும் சேர்ந்து இருந்தனவோ அங்கெல்லாம் சீவல் உதிர்ந்தது.

அமெரிக்காவில் அது ஒரு காய்ச்சலாகவே இருந்தது. நாவலாசிரியரான கப்பல் கேப்டன் மேரியட் அந்த நாட்டைச் சுற்றிவிட்டு 1839இல் ஒரு நூல் எழுதினார். அமெரிக்கருக்குக் கை ஓயாது, பேசும்போதும் எதையாவது சீவிக்கொண்டே இருப்பார், நீதிமன்றத்தில்கூட இது நடக்கிறது என்று வியந்திருக்கிறார். மார்க் ட்வெயினின் டாம் சாயர் (1876) படித்தவர்களுக்கு டாமுக்குக் கிடைக்கும் பார்லோ கத்தி ஞாபகம் இருக்கும். இங்கிலாந்திலிருந்து போன அந்த மலிவுக் கத்திக்கே அமெரிக்கப் பையன்கள் போலி உண்டோ என்று பயந்ததை ட்வெயின் குறித்துவைத்திருக்கிறார்.

போலி உண்மையிலேயே ஊரை அடித்தது. ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்தார் மலிவாகக் கத்தி செய்து, ஷெஃபீல்டு முத்திரையைக் குத்தி விற்கிறார்கள் என்று ஷெஃபீல்டு கொதித்தது. 1887இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது: அயல்நாட்டுச் சரக்கு பிறந்த நாட்டின் பெயரைத் தாங்கி வர வேண்டும். அவமானச் சின்னமாகக் கருதப்பட்ட ‘மேட் இன் ஜெர்மனி’ சில பத்தாண்டுகளில் தரத்தின் முத்திரையாக மாறியது. நம் ஊர்ச் சலூன்களில் ஜெர்மன் கத்தியைப் பெருமையாகக் காட்டிய காலம் அந்தச் சட்டத்தின் தூரத்துப் பேரப்பிள்ளை.

எழுத்தாணியும் இதே பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் தோற்றது. காகிதமும் அச்சும் வந்தன. மடக்கெழுத்தாணி பரணுக்கு ஏறியது. ஆனால் இங்கே அந்தக் கத்தி பொழுதுபோக்காக மாறவில்லை. ஏன்? எனக்குத் தோன்றும் காரணங்கள் இரண்டு. மரம் இங்கே ஆசாரிமார் கைப்பொருள். உளி பிடிப்பது ஒரு குடும்பத்தின் பிறப்போடு வந்த வேலை, மற்றவர் தொடமாட்டார்கள். இன்னொன்று, சும்மா உட்கார்ந்திருக்கும் ஆள் கையில் கத்தி இருந்தால் நம் பக்கம் யாரும் அதைக் கலையாகப் பார்ப்பதில்லை. நெல்லைச் சீமை அருவாளுக்குச் சினிமா கொடுத்த பெயர் அப்படி. இரண்டுமே நமக்கு நஷ்டம்தான் என்று நினைக்கிறேன்.

பையன்கள் மட்டும் இந்த விலக்குகளுக்குக் கட்டுப்படவில்லை. கொய்யாக் கிளையில் கவட்டை தேடி, பட்டை உரித்து, உண்டிவில் செய்தார்கள். கிட்டிப்புள், கில்லி, செல்லாங்குச்சி என்று ஊருக்கு ஒரு பெயர் வைத்து, சாண் அளவுக்கும் குறைந்த கம்பின் இரண்டு முனையையும் கூராகச் சீவினார்கள். அம்மாவின் அரிவாள்மனைதான் பட்டறை. அதற்கு வாங்கிய அடியும் கணக்கில் சேரும்.

இந்தக் கதையில் கடல் இல்லாவிட்டால் குறை. 1789இல் பவுண்டி என்ற கப்பலில் கலகம். அந்தக் கப்பல் தஹிதித் தீவிலிருந்து மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சீமைப்பலாக் கன்று ஏற்றிப் போனது. குற்றாலநாதர் கோயில் தலமரமான பலாவுக்கு ஒன்றுவிட்ட சொந்தம். கலகக்காரர்கள் சிலர் மறு ஆண்டு பிட்கெய்ர்ன் என்ற ஆளற்ற தீவில் ஒளிந்துகொண்டார்கள். அவர்களின் சந்ததி இன்றும் அங்கே சின்னஞ்சிறு கூட்டமாக வாழ்கிறது. கடந்துபோகும் கப்பல்களுக்கு மரத்தில் மீன், ஆமை, பவுண்டியின் மாதிரி என்று செதுக்கி விற்பது அவர்கள் வருமானங்களில் ஒன்று. அதற்கான மரத்தைப் படகேறி, ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தள்ளி உள்ள ஹெண்டர்சன் தீவில் வெட்டி வருவார்கள். அங்கே அதன் பெயர் மிரோ. தென்காசித் தெருவில் அதன் பெயர் பூவரசு! இலையைச் சுருட்டி நாம் பீப்பி ஊதிய அதே மரம். பசிபிக் கடல் நடுவில் அதற்காக உயிரைப் பணயம் வைக்கிறார்கள். நாம் ஆட்டுக்குக் குழை ஒடித்துப் போட்டுவிட்டுக் கிளையை அடுப்பில் வைக்கிறோம்.

வடக்கே பனி நாடுகளில் கதை பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தது. குளிர்காலத்தில் ஆறு மாதம் வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் குடியானவர்கள் கரண்டி, கிண்ணம், குதிரைப் பொம்மை என்று செதுக்கியே பொழுதைத் தள்ளியவர்கள். தொழிற்சாலைப் பண்டம் வந்ததும் அந்தக் கைப்பழக்கம் அழியத் தொடங்கியது. ஃபின்லாந்தில் ஊனோ சிக்னேயஸ் அதைப் பாடமாக்கினார். 1866இல் அங்கே ஊர்ப்புறப் பள்ளிகளில் கைவேலை கட்டாயம் ஆனது. சுவீடனில் ஒட்டோ சாலமன், தம் மாமா ஆப்ரஹாம்சனின் நேஸ் பண்ணையில் ஆசிரியர்களுக்குப் பயிற்சிப் பள்ளியே தொடங்கினார். முறையின் பெயர் ஸ்லாய்டு. எந்தக் கருவியை முதலில் கொடுப்பது? சாலமன் கத்தியைக் கொடுத்தார். குடியானவன் பிள்ளைக்கு ஏற்கெனவே பழகிய பொருள், அதனால். முதல் பாடம் ஒரு சின்னக் குச்சியைக் கூராகச் சீவுவது. செய்கிற பண்டம் முக்கியமில்லை, செய்கிற பிள்ளைதான் முக்கியம் என்பது அவர் கொள்கை. பல நாட்டு ஆசிரியர்கள் நேஸுக்கு வந்து கற்றுப்போனார்கள்.

வந்தவர்களில் ஒருவர் வங்காளி. தாகூரின் சாந்திநிகேதனிலிருந்து லட்சுமீஸ்வர் சின்ஹா 1920களின் இறுதியில் நேஸ் போய் ஸ்லாய்டு பயின்று திரும்பினார். 1937இல் காந்தி வார்தாவில் ஆதாரக் கல்வியை முன்வைத்தபோது, கைத்தொழில் வழியே படிப்பு என்ற எண்ணம் இந்திய ஆசிரியர்களுக்கு முற்றிலும் புதிதாக இருக்கவில்லை. நூற்பும் தச்சும் பள்ளிக்குள் வந்தன. பிறகு நாம் அதையெல்லாம் அட்டவணையில் வாரம் ஒரு பீரியடாகச் சுருக்கி, அந்தப் பீரியடையும் கணக்கு வாத்தியாருக்குக் கொடுத்துவிட்டோம். ஒரு பிள்ளை பன்னிரண்டு ஆண்டு படித்து முடித்தும் ஒரு மரத்தின் நாரோட்டம் எந்தப் பக்கம் என்று விரலால் அறியாமல் வெளியே வருவது எனக்குப் பெரிய இழப்பாகப் படுகிறது.

சாரணர் இயக்கம் கத்தியை இடுப்புவாரில் மாட்டிக்கொடுத்தது. அதில் ஒரு குட்டிக் கதை. 1919 செப்டம்பரில் லண்டன் அருகே கில்வெல் பூங்காவில் சாரண ஆசிரியர்களுக்கு முதல் பயிற்சி முகாம். முடித்தவர்களுக்கு என்ன அடையாளம் கொடுப்பது? இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவலிடம் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த மர மணிமாலை ஒன்று இருந்தது. சூலு மன்னர் தினுசூலுவுக்கு உரியது என்று சொல்லப்பட்டது. அதன் மணிகளை உதிர்த்துக் கொடுத்தார். ஆள் கூடக் கூட மணி தீர்ந்துகொண்டே வந்தது. அதனால் ஓர் அசல் மணியை மட்டும் கொடுத்து, ஜோடி மணியை அவரவரே மரத்தில் சீவிக்கொள்ளச் சொன்னார்கள். பரிசில் பாதி நகல், அதைச் செய்பவரும் பரிசு பெற்றவரே! 1921இல் பேடன் பவல் இந்தியா வந்தார். சென்னையில் அன்னி பெசன்ட் தொடங்கியிருந்த இந்தியச் சாரணர் சங்கம் அவர் இயக்கத்தோடு இணைந்தது. காக்கிச் சட்டையும் மடக்குக் கத்தியும் நம் பள்ளி மைதானங்களில் சேர்ந்து நடந்தன.

அமெரிக்காவில் பொருளாதாரம் படுத்த 1930களில் வேலையில்லாத கைகள் மறுபடி குச்சியை எடுத்தன. 1936இல் டாங்கர்மன் என்பவர் எழுதிய வழிகாட்டி நூல் இன்றும் இந்தக் கைவேலைக்காரர்கள் புரட்டுகிற புத்தகம். அவர்களின் இரண்டு பெரிய வித்தைகளில் ஒன்று, ஒரே கட்டையில் ஒட்டு இல்லாமல் செதுக்கிய சங்கிலி. இன்னொன்று, கூண்டுக்குள் உருளும் பந்து. வெளியே எடுக்க முடியாது, வெளியிலிருந்து போட்டதும் இல்லை. இதை முதலில் படத்தில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காஞ்சி வரதராசர் கோயில் நூற்றுக்கால் மண்டபத்து மூலையில் தொங்குவது அந்தச் சங்கிலி. யாளி வாய்க்குள் விரலைவிட்டு நாம் உருட்டிப் பார்த்த கல்பந்து அந்தப் பந்து. யாரும் யாரையும் பார்த்துச் செய்யவில்லை. பொருளைக் குறைத்துக்கொண்டே போகிற கை எந்த நாட்டில் இருந்தாலும் ஒரு கட்டத்தில் இதே குறும்பில் இறங்கும்போல.

சங்கிலியின் சூட்சுமம் எளிது. கட்டையின் குறுக்குவெட்டு கூட்டல் குறிபோல இருக்கும்படி நான்கு மூலையையும் நீள வாக்கில் எடுத்துவிட வேண்டும். நிற்கிற பட்டையில் ஒரு வளையம், படுத்த பட்டையில் அடுத்தது என்று மாறி மாறிக் குறித்து, இடையில் உள்ளதைத் துருவி எடுத்தால் கடைசியில் ஒவ்வொன்றாகப் பிரிந்து தொங்கும். வளையத்தின் வளைவில் நார் குறுக்கே ஓடும். அங்கேதான் மரம் ஒடியும். கல்லுக்கு அந்த நாரோட்டத் தொல்லை இல்லை. ஆனால் கல்லில் கை தவறினால் மண்டபத் தூணே போயிற்று. குச்சியில் தவறினால் இன்னொரு குச்சி.

தென்காசிக்காரருக்குக் குச்சிக்கா பஞ்சம்? 1900களின் தொடக்கத்தில் கொல்லம் ரயில் பாதை மலையைக் குடைந்து செங்கோட்டைக்கு வந்ததிலிருந்து மரவியாபாரம் இந்த மலையடிவாரத்தின் தொழில். அறுவை மில்களின் வாசலில் நின்றாலே தேக்கு வாசனை. அம்பாசமுத்திரத்துக் கடைசல்காரர்கள் செய்த அம்மி, ஆட்டுக்கல், திருகை, பானை எல்லாம் அரக்குச் சிவப்பும் மஞ்சளுமாகக் குற்றாலத்துக் கடைகளில் சீசன் தவறாமல் வந்து உட்காரும். அந்தச் செப்புச் சாமானை ஓலைக்கொட்டானில் வாங்கிப் போகாத குடும்பம் ஒரு தலைமுறைக்கு முன் அரிது. கடைசலில் மரம் சுற்றும், உளி நிற்கும். சீவுவதில் சுற்றுவதும் கை, நிற்பதும் கை. அந்தப் பட்டறைகளுக்கு வெளியே எறிகிற மஞ்சள் கடம்புத் துண்டு ஒன்று கிடைத்தால் விடாதீர்கள். நெருக்கமான நார், எந்தப் பக்கமும் சீராக வரும். குமிழும் நல்லது, பாலையும் நல்லது. ஈட்டிக்கும் தேக்கின் வைரத்துக்கும் ஆரம்பத்திலேயே போக வேண்டாம். கை நொந்து விட்டுவிடுவீர்கள். முருங்கை பஞ்சு. பூவரசின் பச்சைக் கிளை வெண்ணெய்போல வெட்டும். காய்ந்து வெடிக்காமல் இருக்க வேலை முடியும்வரை ஈரத்துணியில் சுற்றி வையுங்கள்.

கத்தி மழுங்கலாக இருப்பதுதான் ஆபத்து. மழுங்கினால் அழுத்துவோம், அழுத்தினால் வழுக்கும். சைக்கிளில் சாணைக்கல்லோடு வருகிறவரை நிறுத்தி ஒருமுறை பிடித்துக்கொண்டு, அப்புறம் தோல்வாரில் தேய்த்தே பல நாள் ஓட்டலாம். கத்தி பிடித்த கை அதிகம் நகரக் கூடாது. மரம் பிடித்த கையின் கட்டைவிரல் கத்தியின் முதுகை முன்னே தள்ள வேண்டும். பருமனான இடத்திலிருந்து மெல்லிய இடத்துக்கு, நாரோட்டத்தின் வழியே. எதிர்த்துப் போனால் மரமே கீச்சிட்டுச் சொல்லிவிடும்.

முதலில் என்ன செய்வது என்று கேட்டால், நேஸ் பள்ளியும் நம் தெருவும் ஒரே பதிலைத்தான் சொல்லும்: கூரான குச்சி. விரல் பருமனில் ஒரு பூவரசங்கம்பு, அரைச்சாண் நீளம். ஒரு முனையைச் சுற்றிச் சுற்றிச் சீவி, பிறகு திருப்பி மறுமுனை. அவசரம் வேண்டாம், சாரல் நிற்க நேரம் ஆகும். முடிந்ததும் தெருவில் யாராவது ஒரு பையனைக் கூப்பிட்டு, கையில் ஒரு கம்பைக் கொடுத்து அடிக்கச் சொல்லுங்கள். நேராக எழும்பினால் இரண்டு முனையும் சமம். கோணிக்கொண்டு பக்கத்து வீட்டு ஓட்டில் விழுந்தால், எந்த முனையில் இன்னும் இரண்டு சீவல் எடுக்க வேண்டும் என்று அவனே சொல்வான்.